கடலில் விடாதே, செல்வி

வேதாரண்யம்,
ஐப்பசி 24

அன்புள்ள செல்விக்கு,

தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய பறவையின் படம் வந்தது. பிள்ளைகள் அதைக் கடலில் விட்டுவிடலாம் என்கிறார்களாமே. வேண்டாம்மா, தடுத்துவிடு.

உடம்பெல்லாம் கரும்பழுப்பு, முதுகில் அரிசி இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள், அடிவயிற்றுப் பின்பக்கம் வெளிறல். இது சூட்டி ஆலா என்ற கடற்பறவையின் இளம் பறவை. வளர்ந்ததற்கு மேலே கருப்பு, கீழே வெள்ளை, நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். அதைப்போலவே இருக்கும் பிரைடில்டு ஆலாவுக்கு அந்த வெள்ளை புருவம்போலக் கண்ணைத் தாண்டி ஓடும். சூட்டி ஆலா கூட்டை விட்டால் சில வருஷம் கரைக்கே வராமல் கடல்மேலேயே பறந்து திரியும். ஆனால் அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் நீரில் உட்காராது. கரைக்கு வந்திருக்கிறதென்றால் பறக்கத் தெம்பில்லை. அலையில் விட்டால் நனைந்து மூழ்கிவிடும்.

உலர்ந்த துண்டைப் போர்த்தி, இறக்கையை உடம்போடு சேர்த்துத் தூக்கு. நெஞ்சை அழுத்தாதே, நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து நிழலில் வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே: மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது, நேரே அதற்குள் போய்விடும். மீனும் வேண்டாம். கையுறை போடு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவு. வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்.

உன் படத்தில் அலகு தெளிவாக விழவில்லை. அடுத்த முறை எந்தப் பறவை ஒதுங்கினாலும் அதைத்தான் முதலில் எடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. மூக்குத்துளை அலகின்மேல் குழாய்போல் எழும்பியிருந்தால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை. கால்கள் பின்கோடியில் இருப்பதால் அது நெஞ்சை ஊன்றித்தான் கிடக்கும்; முறிந்த கால் என்று கட்டுப் போட்டுவிடப் போகிறாய். அதில் அலகு சாம்பலென்றால் வெட்ஜ்-டெய்ல்டு வகை, வெளிர் ரோஜாவில் கருநுனி என்றால் பிளெஷ்-ஃபுட்டட், அதாவது சதைநிறக் கால் வகை. பெயரைப் பார்த்துக் காலை நம்பாதே, இரண்டுக்கும் கால் வெளிர் ரோஜாதான். பூபி என்ற கடற்பறவையென்றால் உன் கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள், ஈட்டி அலகு. கொத்துகிறதே என்று அலகைக் கட்டவும் கூடாது: வெளிமூக்குத்துளை இல்லாத பறவை, மூச்சு முட்டிச் செத்துவிடும்.

காலில் வளையம் இருந்தால் எண்ணைப் படமெடு, கழற்றாதே. இங்கே கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். அந்த எண் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மடக்கிய இறக்கையை முன்வளைவிலிருந்து நீண்ட இறகின் நுனிவரை மில்லிமீட்டரில் அளந்து, நாள், இடம், காற்றடித்த திசையோடு எழுது. ஆனால் அதை அளப்பதற்காக இந்தப் பறவையைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுக்காதே.

அப்பா