ஜாம் போத்தலில் ஒரு கொக்டெயில்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுவது. போன கிழமை போனில் கேட்டாயே, தோட்டத்தில் வெள்ளரியும் புதினாவும் தேவைக்கு மேல் கிடக்கிறது, சிநேகிதர்கள் வருகிறார்கள், எங்கட ஊர் மணம் வாற மாதிரி ஒரு கொக்டெயில் சொல்லுங்கோ என்று. அம்மா பக்கத்தில் நின்றதால் "பார்ப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் பிறகு 25 நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமும் இல்லை, சாராயப் போத்தலும் இல்லை, உனக்குத் தெரியும்தானே. அதனால் கொடியேற முன்னமே செய்து பார்த்துவிட்டேன். மூன்று தரம் செய்தேன். முதல் தரம் குடிக்க முடியவில்லை.

அந்த முதல் தரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நீயும் அதைத்தான் செய்வாய். புதினாவை அம்மியில் வைத்து சம்பலுக்கு அரைக்கிற மாதிரி அரைத்துவிட்டேன். கரும்பச்சையாய் வந்தது, ஒரே கசப்பு. அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சளிக்கு நல்லம்" என்றா. புதினாவை அரைக்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். ஆறேழு இலையை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு அடி அடி, மணம் வந்துவிடும், அவ்வளவு காணும்.

அடுத்தது இனிப்பு. சீனி போடாதே. பனங்கட்டிதான் போட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் இருக்கிறது. பனையில் கட்டுகிற முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பணி, புளிக்காது, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும், அது கள், கள்ளை வடித்தால் பனஞ்சாராயம். ஒரே பாளையில் சொட்டினது இரண்டு வழியாய்ப் போய்த் திரும்ப உன் கிளாசில் வந்து சந்திக்கிறது. சீனி போட்டுச் செய்ததில் சாராயம் தனியே நின்று தொண்டையைப் பிடித்தது, பனங்கட்டி போட்டதில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பனங்கட்டியைத் துண்டாய்ப் போட்டால் குளிரில் கரையாது, பாணியாக்கு. 100 கிராமை உடைத்து 100 மில்லி தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் கரைத்து, துணியால் வடித்து ஆறவிடு. வடிக்காமல் விட்டால் அடியில் மண் பல்லில் கடிபடும்.

வெள்ளரிக்காயில் காம்புப் பக்கத்தை ஒரு விரலளவு வெட்டி எறி, கசப்பு அங்கேதான் நிற்கும். தோலைச் சீவி ஐந்தாறு வட்டம் வெட்டி, அகப்பைக் காம்பின் அடியால் நசி, இதை மட்டும் நன்றாக நசிக்கலாம். தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, எங்கட வளவில் காய்க்கிறது சின்னன், அங்கத்தையான் பெரிது, ஆனபடியால் எத்தனை காய் என்று சொல்லாமல் அளவாகவே சொல்கிறேன். இருமல் பாணியோடு ஒரு சின்னக் கோப்பை வருமே, கோடு போட்டது, அதால்தான் நான் அளந்தேன். சாராயம் 45 மில்லி, தேசிப்புளி 20, பனங்கட்டிப் பாணி 20. பிழியும்போது தோலைப் போட்டு முறுக்காதே, அதிலும் கசப்பு இருக்கிறது. ஒரு கிள்ளு உப்பு கட்டாயம். பச்சைமிளகாய் ஒரு மெல்லிய வட்டம் போட்டால் எனக்குப் பிடிக்கும், உன் சிநேகிதர்களைக் கேட்டுப் போடு.

குலுக்குவதற்கு அந்தத் தகரச் சாமான் ஒன்றும் வாங்காதே. மூடி இறுக்கமான ஜாம் போத்தல் ஒன்று போதும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் அதே ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் அளந்து விட்ட மண்ணெண்ணெயும் வைத்துத்தான் நீ ஐந்தாம் வகுப்புக்குப் படித்தாய், மூக்கு நுனி கறுத்துப்போய் இருப்பாய். ஐஸ் கட்டியைக் கண்ணால் காணாத வருசங்கள் அவை, மண்பானைத் தண்ணீருக்குள் தேசிக்காய் பிழிந்ததுதான் எங்களுக்குக் கொக்டெயில். சரி, கதை எங்கேயோ போகிறது.

எல்லாவற்றையும் போத்தலுக்குள் போட்டு, பெரிய ஐஸ் கட்டிகளாய்ப் போட்டு (சின்னன் கெதியாய்க் கரைந்து தண்ணியாக்கிப் போடும்), போத்தலின் வெளிப்பக்கம் வியர்த்துக் கை விறைக்கும் வரை குலுக்கு. தேத்தண்ணி வடியால் வடித்து, புதுசாய் ஐஸ் போட்ட கிளாசில் ஊற்று. பொன்னும் பச்சையும் கலந்த ஒரு நிறம் வரும், கள்ளுக்குப் புல்லுச்சாறு விட்டது போல. வடிவாக இருக்காது, குடித்துப் பார்த்துவிட்டுச் சொல். பனஞ்சாராயம் ரொறன்ரோவில் கிடைக்காவிட்டால் தென்னஞ்சாராயம், அதுவும் இல்லையென்றால் ரம். வொட்கா வேண்டாம், பனங்கட்டி அதைக் கணக்கெடுக்காது.

கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு அம்மாவின் முறை: சாராயத்துக்குப் பதிலாக சோடா, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, ஊறப்போட்ட கசகசா (சர்பத்துக்குப் போடுகிற கறுப்பு விதை) கொஞ்சம். இதைத்தான் அவ பின்னேரம் முன்வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தா, மூக்கு வைத்த பேணியில் ஊற்றி, வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி. பாதி சட்டையில் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அவவின்ரைதான் திறம், ஆனால் இதை அவவுக்குச் சொல்லாதே.

சனிக்கிழமை எனக்குப் போன் எடு. உனக்குக் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, அந்நேரம் நான் கிணற்றடியில் தேசிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிற்பேன். இந்தமுறை பூ கனக்க வந்தது, சோளகக் காற்று பாதியைக் கொட்டிப் போட்டுது.

அடுத்த மாதம் அங்கே வருகிற ஆளிடம் பனங்கட்டி 4 குட்டான் (பனையோலைச் சின்னப் பெட்டி) கொடுத்து விடுகிறேன். வந்த உடனே ஓலையைப் பிரித்து, ஈரமில்லாத போத்தலில் போட்டு இறுக்க மூடி வை. வெளியில் கிடந்தால் கசிந்து போகும், பிறகு எறும்புக்குத்தான்.

அன்புடன்,
அப்பா