நிலவுக்குப் போகும் ராக்கெட்டில் இரண்டு கிலோ இடம் கேட்டு

இஸ்ரோ, இன்ஸ்பேஸ் (இந்திய விண்வெளி ஊக்குவிப்பு, அனுமதி மையம்) அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடலூரில் பொறியியல் மாணவர்களுக்கு மின்னணுவியல் கற்பிப்பவன் நான். நிலவுப் பயணங்களுக்கான எல்விஎம்-3 ராக்கெட்டின் மேல்கட்டத்தில், அதாவது விண்கலத்தைக் கடைசியாகப் பாதையில் விடும் பகுதியில், மாணவர்கள் செய்யும் இரண்டு கிலோவுக்கு மிகாத கருவிகளுக்கு இடம் ஒதுக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

விண்கலத்தில் இடம் கேட்கவில்லை. நிலவின் மண்ணை அள்ளிவர இரண்டு ராக்கெட்டுகளில் பிரிந்து செல்லவிருக்கும் சந்திரயான்-4இல் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு இருக்கும் என்பதை அறிவோம். ஆனால் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ பூமிக்கு மேலே குறைந்தது ஏறத்தாழ 170, கூடியது 36,500 கிலோமீட்டர் உயரமுள்ள நீள்வட்டத்தில் விட்ட மேல்கட்டம், நவம்பர் நடுவில் வளிமண்டலத்துக்குள் வந்து விழும்வரை நான்கு மாதம் வேலையின்றிச் சுற்றியது. அத்தகைய பாதை பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களுக்குள் புகுந்து மீள்வது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் போயம் என்னும் சோதனை மேடை அமைத்து மாணவர் கருவிகளை ஏற்கெனவே பறக்கவிடுகிறீர்கள்; எனினும் அது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கதிர்வீச்சை எண்ணும் எங்கள் கருவிக்கு அங்கே கிடைப்பது கொஞ்சமே.

கருவியைத் தனியே பிரித்துவிடவும் வேண்டாம். 2014 அக்டோபரில் லக்சம்பர்க் நிறுவனமொன்றின் 14 கிலோ கருவி, சீன ராக்கெட்டின் மேல்கட்டத்தோடு ஒட்டியபடியே நிலவருகே சென்று, அமெச்சூர் வானொலி ஆர்வலர்களுக்குச் சமிக்ஞை அனுப்பியது. எங்கள் பெட்டியும் நான்கு போல்ட்டுகளில் நிற்கும். சொந்த பேட்டரியில் ஓடும். விண்கலம் பிரிந்து, மேல்கட்டத்தில் எஞ்சிய எரிபொருள் வெளியேற்றப்படும்வரை வாய் திறக்காது.

பேட்டரியைப் பற்றி மட்டும் ஒரு கோரிக்கை. பலமுறை தள்ளிப்போய் 2022 நவம்பர் 16 அன்று நிலவை நோக்கிக் கிளம்பிய நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1இல் பத்துச் சிறு செயற்கைக்கோள்கள் ஏறின. அவற்றுள் சிலவற்றுக்கு, காத்திருந்த மாதங்களில் மீண்டும் சார்ஜ் ஏற்ற வழியில்லை. ஆகவே, கருவியைக் கடைசி வாரத்தில் பொருத்தலாமா, ஏவுதளத்தில் சார்ஜ் ஏற்றலாமா என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாமாண்டில் தொடங்கும் மாணவன் படிப்பை முடிக்குமுன் கருவி பறக்க வேண்டுமானால், அந்த அறிவிப்பு ஏவுதலுக்கு ஈராண்டு முன்னராவது வர வேண்டும்.

வெற்றிட அறை எங்களிடம் இல்லை. துறைமுகத்தில் வாங்கிய தெர்மாகோல் மீன் பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் கொட்டி, மைனஸ் 15 டிகிரி வரை இறக்கித்தான் குளிர்ச் சோதனை செய்தோம். (பெட்டியின் மீன் வாடை இன்னும் போகவில்லை.) கருவி இப்போது 1,740 கிராம் இருக்கிறது. வரைபடங்களையும் எடைக் கணக்கையும் கேட்ட நாளிலேயே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஓர் ஆசிரியர்