சுங்கை சிப்புட்டிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே மலேசியாவில் நலம். கண்மாய்ச் சங்கத்திலிருந்து விலகிவிட்டேன், இனி அவனவன் போர்வெல் போட்டுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று போனில் சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்குத் தினமும் ஒரு பெரியவர் தோசை சாப்பிட வருவார், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போன வாரம் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார், மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது. அவர் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டிய பத்து வெள்ளி, இங்கே பணத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். 1957இல் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்களாம். தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடு, பள்ளிக்கூடம், கோயில் நிற்கிற இடம் எல்லாமே கம்பெனியுடையது, அதனால் வேலை போனால் வீடும் சேர்ந்து போய்விடும். 1960இல் இந்த ஊர்க்காரரான, அப்போது மந்திரியாக இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடமே மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டங்களை விலைக்கு வாங்கினார், முதலில் கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டம். அந்தப் பத்து வெள்ளிக்காகப் பெரியவர் வீட்டில் பல மாதம் மீனே வாங்கவில்லையாம்.

என்னோடு பாத்திரம் கழுவும் அக்கா வளர்ந்தது வேறு தோட்டம். அது வீட்டுமனையானபோது காலி செய்யச் சொல்லி ஒரு தாள்தான் வந்தது. இரண்டு குடும்பத்துக்கும் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்தான், உழைப்பிலும் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் மருந்து, வீடு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் தோட்டத்துத் துரையைப் பார்த்தே இரண்டு தலைமுறை பழகிவிட்டால், துரை போகிற அன்று சேர்ந்து நிற்க ஒரு இடம் இருக்காது, அந்த இடத்தை முன்னாலேயே கட்டி வைத்திருக்க வேண்டும் அண்ணே.

நம் கண்மாயும் அப்படித்தானே? தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் போய் வரத்துக்கால் வெட்டினார்கள். அப்புறம் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம், இன்றைக்கு மடையில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. பொருளாளர் கணக்குக் காட்டவில்லை என்று கோபம், சரி, நியாயம்தான். கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள், நாலு பேர் சேர்ந்து கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்காக விலகினால் கேட்கவும் ஆள் இல்லாமல் போய்விடும்.

இந்த மாதப் பணத்தோடு உங்கள் பாக்கிச் சந்தாவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கட்டிவிட்டு, ரசீதை மறக்காமல் வாங்கி அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

உங்கள் தம்பி