ஆண்டறிக்கை 2024–25: உறைபனியைத் தாங்கும் புள்ளிக் கற்றாழை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உதகையில் இயங்கிவரும் நமது வீட்டுத் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் பேரவையின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. மே மாத மலர்க் கண்காட்சிக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு சென்றுவந்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டு நாம் முதன்மையாக எடுத்துக்கொண்ட பணி புள்ளிக் கற்றாழை வளர்ப்பு. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் ஊரில் தோட்டம் வைப்பவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் சோதனைக் காலம். 2,240 மீட்டர் உயரத்தில், மேகமற்ற இரவுகளில் உறைபனி இறங்கிப் புல்தரை வெளுத்துவிடுகிறது. கோவையிலிருந்து ஆசையாக வாங்கிவரும் சோற்றுக்கற்றாழை அந்தக் குளிரில் கொழகொழத்துச் சரிகிறது. அதற்கு மாற்றாகத்தான் தென்னாப்பிரிக்காவின் அலோ மாக்குலேட்டா என்னும் இந்தப் புள்ளிக் கற்றாழையைத் தேர்ந்தெடுத்தோம். பழைய தோட்ட நூல்களில் இதன் பெயர் அலோ சப்போனாரியா. கேப் பகுதி தொடங்கி குவாசுலு-நட்டால், லெசோத்தோ வழியாக ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைகள் வரை தானாக வளரும் செடி. பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி வரை தாங்கக்கூடியது. மேல் இலைகள் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

உறுப்பினர்களின் தொட்டிகளைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப்பட்ட செய்தி ஒன்று உண்டு. இந்தச் செடியைப் பனி கொல்வதில்லை, ஈரம்தான் கொல்கிறது. நமக்கு உறைபனி வருவது பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களில். வேர் காய்ந்திருக்கும் செடி அந்தக் குளிரை எளிதில் கடந்துவிடுகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும்தான் ஆபத்து. வாரக்கணக்கில் தூறல், வெயிலே இல்லாத பகல். அடிவேர் அழுகி, செடியைத் தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரை விளிம்புக்குக் கீழே நகர்த்துங்கள். பனிக்காலத்தில் வெட்டவெளியில் வைத்தாலும் மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைப் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். இளங்கன்றுகளுக்கு அதுவே போதும், வளர்ந்த செடிக்கு அதுவும் வேண்டாம். பனியில் கருகிய இலையை உடனே நறுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். குருத்துக்கு அது போர்வையாகக் கிடக்கட்டும். பிப்ரவரி முடிந்த பின் நீக்கலாம்.

மண் கலவையில் தோட்ட மண் ஒரு பங்கு என்றால் பருமணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்காவது இருக்கட்டும். நன்கு மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். சிலர் பாசத்தில் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். இலை தடித்து, நீர் கோத்து, முதல் பனியிலேயே கருகிவிடும்.

பெருக்கும் முறைக்கு வருகிறேன். தாய்ச்செடி நிலத்தடித் தண்டு விட்டு, ஒரு சாண் தள்ளிக்கூடப் பக்கக்கன்று ஈனும். உள்ளங்கையளவு வளர்ந்து தனக்கென வேர் விட்ட கன்றைத்தான் பிரிக்க வேண்டும். மார்ச் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர் செய்துகாட்டியதை இங்கே பதிவு செய்கிறேன். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு செடியை வெளியே எடுத்தார். விரலால் மண்ணை உதிர்த்து, தாயையும் கன்றையும் இணைக்கும் வெளிறிய தண்டைத் தேடிப் பிடித்தார். சுடுநீரில் துடைத்த கத்தியால் ஒரே வெட்டு. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைத்து, கன்றை நிழலில் காகிதத்தின் மேல் கிடத்தினார். காயம் வறண்டு தோல் கட்டிய பிறகே நடவு. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. "தாகம் எடுத்தால்தான் அது தண்ணீரைத் தேடி வேர் விடும்" என்றார். அன்று கொடுத்த கன்றுகள் பல வீடுகளில் மழையையும் பனியையும் தாண்டி நிற்கின்றன. செயலாளராக இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி இதுதான்.

இலையை மட்டும் கிள்ளி நட்டால் வேர் விடுமா என்று பலர் கேட்கிறார்கள். விடாது, அழுகும். விதை முளைக்கும், ஆனால் இந்த இனம் மற்றக் கற்றாழைகளோடு எளிதில் கலந்துவிடும் என்பதால், அருகில் வேறு வகை பூத்திருந்தால் பிள்ளைகள் தாயைப் போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே புள்ளி, அதே செம்மஞ்சள் பூங்கொத்து வேண்டுமானால் பக்கக்கன்றே வழி. வெயிலில் இருந்தால் இலை குட்டையாகிச் செந்நிறம் ஏறும். நிழலில் நீண்டு பச்சையாகவே இருக்கும். இரண்டும் நோயல்ல. இலையிடுக்கில் மாவுப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

இதன் சாற்றைத் தண்ணீரில் தேய்த்தால் சோப்பைப் போல நுரைக்கும்; தென்னாப்பிரிக்காவில் துவைக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிலருக்கு அது தோலில் அரிப்பைத் தரும். சோற்றுக்கற்றாழை என்று எண்ணி இதை யாரும் மோரில் போட்டுக் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஒரு தீர்மானத்தையும் செயற்குழுவின் சார்பில் முன்மொழிகிறேன். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் உண்ணிச்செடியும் இந்த மலையின் புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் எப்படி விழுங்கின என்பது நமக்குத் தெரியும். புள்ளிக் கற்றாழை ஆஸ்திரேலியாவில் தோட்டங்களைத் தாண்டி வெளியில் பரவியிருக்கிறது. நிலத்தடியில் ஊர்ந்து பெருகும் செடியிடம் அலட்சியம் கூடாது. எனவே சங்கம் வழங்கும் கன்றுகளைத் தொட்டியிலோ சுவர் கட்டிய பாத்தியிலோ மட்டும் வளர்ப்பது, மிஞ்சியவற்றைச் சங்கத்திடம் திருப்பித் தருவது, சாலையோரத்திலோ ஓடைக்கரையிலோ வீசாமலிருப்பது ஆகியவற்றை உறுப்பினர் அனைவரும் ஏற்க வேண்டுகிறோம். இதில் எந்த விலக்கும் கூடாது என்பதே என் கருத்து.

வரும் ஆண்டில் லெசோத்தோ மலைகளிலும் வளரும் அரிஸ்டலோ அரிஸ்டாட்டா என்னும் கற்றாழை வகையையும் முயன்று பார்க்கலாம் எனச் செயற்குழு கருதுகிறது. உருவில் சிறியது, இலையில் வெண்புள்ளி, பனியையும் தாங்கும்.

கூட்டங்களுக்குத் தம் வீட்டு முற்றத்தை அளித்தவர்களுக்கும், மணலும் தொட்டிகளும் தந்துதவியவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் பேரவை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்