கூண்டு வண்டிக்குள் அஞ்சு நிமிஷம்

ஆசிரியருக்கு,

குளச்சலில் மீன் வண்டிகளுக்கு லோடு ஏற்றுபவன் நான். போன மாதம் உச்சி வெயிலில் காலி கூண்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆள் இருப்பது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அஞ்சு நிமிஷம்தான், சட்டையைப் பிழியலாம் போல வியர்த்துவிட்டது. தட்டித் தட்டி கை வீங்கியது.

2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் இப்படியொரு லாரிப் பெட்டிக்குள்தான், கள்ளத்தனமாக நாட்டுக்குள் கடத்திவரப்பட்ட வியட்நாம்காரர்கள் 39 பேர் செத்துக்கிடந்தார்கள். குளிர்பெட்டிதான், ஆனால் குளிரூட்டி ஓடவில்லை. குளிரை வெளியே விடாத சுவர் காற்றை மட்டும் உள்ளே விடுமா? ‘சீக்கிரம் காற்று விடு, ஆட்களை வெளியே விடாதே’ என்று கடத்தல்காரனிடமிருந்து ஓட்டுநருக்குத் தகவல் போனதாம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸில் இதே மாதிரி லாரியில் கடத்தப்பட்ட 53 பேர் செத்தார்கள்.

‘விசிட் விசாவில் போ, அப்புறம் அங்கிருந்து வண்டி ஏற்றிவிடுகிறோம்’ என்கிற ஏஜென்டுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்ட நம் பையன்களும் தயார்தான். சரி, வெளிநாட்டுக்கே போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியலை மீன் இறங்குதளங்களிலும் வடசேரி பஸ் நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குளச்சல்