தேனீ வராத பூ

குலசேகரம்,
புரட்டாசி 5

அன்புள்ள மக்கா,

நீ நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய மொனார்டா பூச்செடி விதையைத் தை மாதமே போட்டுவிட்டேன். பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று, கோபிக்காதே.

தூசி மாதிரி விதை. மண் மூடாமல் மேலாகத் தூவித் தண்ணீர் தெளித்தேன்; எட்டுச் செடி பிழைத்தது. தண்டு துளசியைப் போலவே நாலு பட்டை. இலையைக் கசக்கினால் அப்படியே ஓமம்! ஓமத்துக்கு வாசம் கொடுக்கிற தைமால் என்ற சத்துதானே இதிலும். ரசத்தில் போடலாமா என்று கேட்கிறாள் உன் மைனி.

உன்னிடம் விதை கேட்ட காரணம் தெரியுமல்லவா? மாசி, பங்குனியில் ரப்பர் கொழுந்து விடும்போது இலைக்காம்பில் தேன் ஊறும், என் தேனீப் பெட்டி நிறைந்துவிடும். மழை பிடித்தால் பட்டினி. சர்க்கரைப் பாகு வைத்துத்தான் ரெண்டு பெட்டியையும் காப்பாற்றுகிறேன். அந்த மாதங்களுக்கு ஏதாவது பூ இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

வைகாசியில் ஒரே ஒரு செடி பூத்தது. நல்ல சிவப்பு, எண்ணெய் காணாத தலை மாதிரி சிலுப்பிக்கொண்டு நின்றது. நாலு நாள் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து பத்தடிதான்; ஒரு தேனீகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூக்குழல் நீளம், நம்மூர்த் தேனீயின் நாக்குக்கு எட்டாது. வந்தது யார் தெரியுமா? தேன்சிட்டு! காம்பு வளைய உட்கார்ந்து, ஒவ்வொரு குழலாக மூக்கை விட்டு உறிஞ்சிவிட்டுப் போனது. அங்கே ஹம்மிங் பேர்ட் பார்க்கிற வேலை.

அப்புறம் ஆனிச் சாரல். இலையெல்லாம் திருநீறு பூசியதுபோல் சாம்பல் நோய். நெருக்கி வைத்தது என் தப்பு, காற்று புகவில்லை. மூன்றுதான் மிச்சம், கிணற்றடியில் நிற்கிறது. அதுவும் குளிரில் மடிந்து உறங்கித் துளிர்க்கிற ஜாதி; இந்த ஊரில் அதற்கு ஏது உறக்கம்?

தேனீயெல்லாம் துளசியில்தான் கிடக்கிறது. கதிரைக் கிள்ளாதே என்று மைனியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை எலுமிச்சை வாசம் அடிக்கிற மொனார்டா விதை அனுப்பு. டெக்சாஸ் பக்கம் வெயிலில் வளர்கிறது, ஒரே வருடத்தில் பூத்து முடியும், குளிரும் கேட்காது. மழைக்கு முன்பே பூத்துவிட்டால் நம் அதிர்ஷ்டம்.

ரப்பர் தேன் ஒரு குப்பி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அக்கம்பக்கத்தில் ஒரு கரண்டி இனாமாகக் கொடுக்கவும் உன் மைனிக்கு மனசு வரவில்லை. சீக்கிரம் வா.

உன் கூட்டுக்காரன்