பெருந்தொற்றுக் காலத்தில் தோட்ட லயங்களில் பிறந்த கலை அழியாமல் காக்கப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த நாட்களில் தோட்டப்புற மக்கள் வரைந்தவையும் பாடியவையும் செய்தவையும் ஒவ்வொன்றாக அழிந்து வருகின்றன. அவற்றைத் திரட்டும் பணியைத் தங்கள் நாளிதழ் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஆணை அறிவிக்கப்பட்டபோது, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தனியாக இருந்த என் தாயாரை இரண்டு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். திரும்பி வர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. குடும்பத்துக்கு ஒருவர் மட்டும், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் சென்று பொருள் வாங்கி வரலாம் என்ற நிலையில், எதிர் வரிசையில் இருந்தவர்களைக்கூட வாசலில் நின்றபடிதான் பார்க்க முடிந்தது.

அப்போது எங்களுக்குள் பேச்சாக இருந்தது கோலம். விடிந்தும் வாசலில் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் துக்கமோ நோயோ இருக்கலாம் என்று நினைப்பது நம் வழக்கம். அந்த வழக்கம் லயத்தில் மறுபடியும் உயிர் பெற்றது. காலையில் ஒவ்வொருவரும் தம் வாசலில் நின்று இரு வரிசைகளையும் ஒரு முறை கண்ணால் அளந்து, கோலம் போடாத வீடு இருந்தால் பெயர் சொல்லிக் குரல் கொடுப்பார்கள். அரிசி மாவைச் சமையலுக்குச் சேமிக்க வேண்டி வந்தபோது, என்னிடம் மிச்சமிருந்த சுண்ணக்கட்டிகளைத் துண்டுகளாக உடைத்து வீட்டுக்கொன்றாக மதில்மேல் வைத்தேன். கடைசி வீட்டு அக்காள் ஒருவர் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பாதி போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் காலையில் விட்ட இழையை அடுத்த வீட்டுச் சிறுமி தன் வாசலில் மாலையில் முடிப்பாள். கோடு எங்கும் அறுபடாமல் புள்ளிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டிய அந்தக் கோலம், இரண்டு சிமென்டுத் தரைகளுக்கும் நடுவே இருந்த கால்வாயைத் தாண்டிச் சென்று சேர்ந்ததை நான் நாள்தோறும் கண்டேன். அவற்றுள் ஒன்றைக்கூட நான் படம் எடுத்து வைக்கவில்லை என்பது இன்றுவரை என்னை வருத்துகிறது.

லயத்தின் மூத்தவரான ஒரு தாத்தா, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை செய்தார். எல்லை மூடப்பட்டதால் வர இயலவில்லை. தாத்தா தம் தாயாரிடம் கேட்டுப் பழகிய தோட்டப் பாடல்களின் மெட்டில், சாலைத் தடுப்பைப் பற்றியும், வராத காய்கறி லாரியைப் பற்றியும், பாலத்துக்கு அப்பால் நிற்கும் மகனைப் பற்றியும் புதிதாகச் சொற்களைக் கட்டிப் பாடினார். பேத்தி அதைக் கைப்பேசியில் பதிவு செய்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவாள். மறுநாள் வேறொரு தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி அதே மெட்டில் பதில் பாடி அனுப்புவார். முகம் பார்த்திராத அவ்விருவரும் ஏழு பாடல்கள் வரை அப்படிப் பாடிக்கொண்டனர். 2022-இல் தாத்தா இறந்தார். பேத்தியின் கைப்பேசி பழுதாகிவிட்டது. ஜொகூரில் இருக்கும் உறவினர் ஒருவர் அழிக்காமல் வைத்திருந்ததால் இரண்டு பாடல்கள் மட்டும் நம்மிடம் உள்ளன.

இவை பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கக்கூடும். பெருந்தொற்று தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2019-ஆம் ஆண்டு நவம்பரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டார அலுவலகம் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கை, பாடுவதும் வரைவதும் ஆடுவதும் நோயைத் தடுப்பதிலும் மன நலத்தைப் பேணுவதிலும் பங்காற்றுகின்றன என்று காட்டியது. ஆயினும் நான் கண்டதைக் கொண்டே சொல்கிறேன்: தாத்தாவுக்கு ஆறுதல் தந்தது பாடியது மட்டுமன்று, மறுநாள் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பும்தான். பதில் வராத நாளில் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதைப் பேத்தி கவனித்திருக்கிறாள்.

2021-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி வந்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அனுமதி இல்லை. காவடி கட்டிக் கொடுத்துப் பிழைத்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், கையிலிருந்த மயிலிறகையும் அட்டையையும் கொண்டு உள்ளங்கை அளவுக் காவடிகள் செய்து, கேட்ட வீடுகளுக்கெல்லாம் பூசை அறையில் வைக்கக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதே ஆண்டு நடுப்பகுதியில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட நாட்களில், உதவிப் பொருள் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பிள்ளைகள் அவற்றின் உட்பக்கத்தில் படம் வரைந்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு இல்லிருப்புக் கற்றலில், அதாவது வீட்டிலிருந்தே நடந்த பள்ளிப் பாடங்களில், பங்கெடுத்த வீடுகள் அவை. தன் முறை வரும்வரை காத்திருந்த பிள்ளை வரைந்துகொண்டிருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத நேரத்தில் கலை எதற்கு என்று கேட்போருக்கு, அரிசி வந்த பெட்டியிலேயே அவர்கள் வரைந்தார்கள் என்பதைத்தான் நான் பதிலாகச் சொல்ல முடியும்.

1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சா மலாயாவுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளர்களைக் கடுமையாகத் தாக்கியது. அக்கால அரசு ஆவணங்களில் சாவின் எண்ணிக்கை கிடைக்கிறது. ஆனால் பிணத்தைப் புதைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலை அணிவகுப்புக்கு) நின்ற மக்கள் தங்களுக்குள் எதைப் பாடி அழுதார்கள் என்பதை நான் தேடிய ஏடுகளில் கண்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலும், கேட்டு எழுத ஆளில்லாமலும் அவர்கள் போனார்கள். நம் நிலை அப்படியன்று. வீட்டுக்கு வீடு கைப்பேசி இருந்தும் இந்தக் குரல்கள் காணாமல் போனால், அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது.

ஆகவே, தங்கள் ஞாயிறு பதிப்பில் சில வாரங்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்கி, வாசகர்களிடமிருந்து இவற்றைக் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். ஓவியமாயின் அதன் பின்புறத்தில், பாடலாயின் ஒரு தாளில், வரைந்தவர் அல்லது பாடியவர் பெயர், தோட்டம், ஏறக்குறைய எந்த மாதம் என்பவற்றைக் குடும்பத்தார் இன்றே எழுதிவிட வேண்டும். நினைவிலிருந்து முதலில் மறைபவை இவைதாம். வெளியிடுவதற்கு முன் உரியவரின் ஒப்புதலைக் கட்டாயம் பெற வேண்டும், ஏனெனில் இறந்தவரை நினைத்துத் தமக்காக மட்டும் வரைந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்தவற்றின் படிகளைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமும் ஒப்படைப்பது பற்றித் தாங்கள் பேசிப் பார்க்கலாம். செம்பனைத் தோட்டங்களில் எஞ்சியுள்ள லயங்கள் ஆண்டுக்கு ஆண்டு காலியாகி வருவதால், இதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க இயலாது.

என் பங்காக, அட்டைப் பெட்டிகளில் வரையப்பட்ட பதினொரு ஓவியங்களின் படிகளையும், தாத்தாவின் பாடல்கள் இரண்டின் எழுத்து வடிவத்தையும், குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதங்களோடு இத்துடன் இணைத்துள்ளேன். பதில் பாடிய பாட்டி எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்பது இங்கு எவருக்கும் தெரியவில்லை. இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால், அவரை அறிந்தவர்கள் தங்கள் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளுமாறு ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இக்கண்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.